பெயர்ப் பலகையும் விசிப்பலகையும்

அறபு மொழியில் ‘அதப்’ என்றொரு சொல் உண்டு. இலக்கியம் என்பது அதன் ஒரு பொருள். நல்லொழுக்கம் என்பது இன்னொரு பொருள். பலரை அழைத்து இடும் விருந்துணவைக் குறிக்கும் ‘மஃதுபா’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. மதரஸாவில் ஓதிய நாளில், இவ்விரண்டையும் அகராதியின் ஒரே பக்கத்தில் கண்டு வியந்தது இன்றும் நினைவில் நிற்கிறது. தமிழிலோ ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். செய்யுளின் வனப்பு எட்டினுள் ஒன்றுக்குத் தொல்காப்பியர் அப்பெயரையே சூட்டினார். ஆக, நம் இரு மொழிகளும் பந்தியையும் இலக்கியத்தையும் அண்டை வீடுகளாகவே வைத்திருக்கின்றன. இலக்கிய மாத இதழில் உணவு விடுதிகளைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர் வினவுவாராயின், இதுவே என் விடை.

அண்மைக் காலத்தில் ஏடுகளில் ஒருவகைக் கட்டுரை பெருகி வருகிறது. ஒரு நகரின் ஒரு பேட்டையைத் தேர்ந்துகொள்வது. அங்கே எத்தனை நாட்டு உணவு, எத்தனை மாநிலத்து உணவு கிடைக்கிறது எனப் பட்டியலிடுவது. முடிவில் ‘இதுவன்றோ பல பண்பாடுகளின் சங்கமம்’ என்று முத்தாய்ப்பு வைப்பது. இதுவே அவ்வகை எழுத்தின் இலக்கணம். பேட்டை கடலோரத்தில் அமைந்துவிட்டால் எழுதுவோர்க்குக் கொண்டாட்டம். சென்னைத் திருவல்லிக்கேணியைப் பற்றி அத்தகைய கட்டுரைகள் பல வந்துவிட்டன. சென்ற ரமலானில், அங்கே மேன்ஷன் அறையொன்றில் தங்கிப் பணியாற்றும் என் மகனைக் காணச் சென்றேன். நான்கு நாள் தங்கினேன். கட்டுரைகள் புகழ்ந்த தெருக்களை எல்லாம் நடந்து கண்டேன். பகலில் நோன்பாளியாக நடந்தமையால் ஒரு நன்மை விளைந்தது: இலையில் இருப்பதைவிட, இலையின் முன் இருப்பவர்களே என் கண்ணில் பட்டார்கள். கட்டுரைகள் பெரும்பாலும் பேசாமல் விட்ட செய்தியும் அதுவே.

ஹிஜ்ரி 398இல் காலமான பதீஉஸ்ஸமான் ஹமதானி எழுதிய மகாமாக்களில் ‘மதீரா’ என்னும் உணவின் பெயரால் அமைந்த ஒன்று உண்டு. மதரஸா மாணவர் பலரும் படித்துச் சிரித்த கதை அது. பக்தாதில் வணிகன் ஒருவன், மதீரா உண்ண வருமாறு ஒருவனை அழைத்துச் செல்கிறான். வழியெல்லாம் மனைவியின் கைத்திறன், தெருவின் பெருமை, வீட்டின் விலை. வீட்டை அடைந்ததும் கதவு, தாம்பாளம், கெண்டி, துவாலை என ஒவ்வொன்றின் வரலாறு. உணவு மட்டும் வந்தபாடில்லை. பொறுக்க மாட்டாத விருந்தாளி எழுந்து ஓடிவிடுகிறான். நம் காலத்து உணவுக் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் அவ்வணிகனே என் நினைவுக்கு வருகிறான். கடையின் சுவரையும் விளக்கையும் சுவையையும் வருணிக்கும் எழுத்து, அங்கே யார் யார் அருகமர்ந்து உண்டார்கள் என்ற ஒன்றைச் சொல்வதற்குள் முடிந்துவிடுகிறது. பெயர்ப் பலகைகளை எண்ணுவது எளிது. உட்காரும் விசிப்பலகையை உற்றுப் பார்ப்பதே திறனாய்வு என்பது என் துணிபு.

திருவல்லிக்கேணி பல திசை மாந்தர் வந்து கூடிய இடம் என்பதில் ஐயமில்லை. பல்லவர் காலத்துக் கல்வெட்டைக் கொண்ட பார்த்தசாரதி திருக்கோயில் ஒருபுறம். ஆர்க்காட்டு நவாபு குடும்பத்தார் 1795இல் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசல் மற்றொரு புறம். அப்பள்ளியின் ஆண்டைக் குறிக்கும் சொற்றொடரை இயற்றியவர் நவாபிடம் பணியாற்றிய இந்துவான ராஜா மக்கன்லால். அதன் எழுத்துகளை அப்ஜத் முறையில் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். லக்னோவின் ஃபிரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்களும், 1972இல் மறைந்த காயிதே மில்லத் இஸ்மாயீல் சாகிப் அவர்களும் அவ்வளாகத்திலேயே துயில்கின்றனர். கடற்கரைப் பக்கம் நடந்தால், இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டடம் அது. குளிர்ந்த நீர் அருந்துவதற்காக உலகின் மறுகரையிலிருந்து பனியை வரவழைத்த ஊருக்கு, வெளியூர் உணவு புதுமையாகுமா?

பெயர்ப் பலகைகளின் கதையும் சுவையானதே. இட்டிலி மூழ்கும் வரை சாம்பார் ஊற்றுவதில் புகழ்பெற்ற ரத்னா கபே, 1948இல் வடநாட்டிலிருந்து வந்த குடும்பத்தார் தொடங்கியது. தென்னாட்டுச் சிற்றுண்டியின் இலக்கணமெனப் பலர் போற்றும் அந்தச் சாம்பார், வடவர் நடத்திய கடையில் பேர்பெற்றது. சற்றே அப்பால் மவுண்ட் ரோட்டில், கொழும்பில் உணவகம் நடத்திய ஏ. எம். புஹாரி 1951இல் நிறுவிய விடுதி. நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைக்குச் சென்ற தமிழ் முஸ்லிமின் அனுபவம், கடல் தாண்டித் திரும்பி வந்து பட்டணத்துக்குப் பிரியாணி பரிமாறியது. தக்கனி உருது பேசும் குடும்பங்களின் கைப்பக்குவமான தம் ரோட் என்னும் ரவை இனிப்பு நெடுஞ்சாலைக் கடைகளில் மணக்கிறது. இன்னும் வடக்கே, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார்ப் பக்கம் சென்றால், 1962க்குப் பின் இரங்கூனை விட்டு ஏதிலிகளாய் வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவும் மொய்ங்காவும் தள்ளுவண்டியில் விற்கின்றன. அக்பர் சாகிப் தெருவிலோ காசி விநாயகா மெஸ். ஒரு முஸ்லிம் பெரியவரின் பெயர் தாங்கிய தெருவில் விநாயகர் பெயரால் மரக்கறிச் சாப்பாடு! இத்தகைய செய்திகளைக் கேட்டதும் நம் கட்டுரையாளர்கள் பேனாவை மூடிவிடுகிறார்கள். நான் அங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

அந்த மெஸ்ஸின் வாயிலில் நண்பகல் வேளையில் அரைமணி நேரம் நின்றேன். பணம் செலுத்தினால் எண் பொறித்த டோக்கன் தருகிறார்கள். உள்ளே இடம் சிறிது. வெளியே கூட்டம் பெரிது. எண்ணைக் கூவி அழைத்ததும் எழுந்து சென்று, காலியான இடத்தில் அமர வேண்டும். பக்கத்தில் அமர்பவர் யாரென்பதைத் தீர்மானிப்பது எண் வரிசையே. நெற்றியில் நாமம் இட்ட முதியவருக்கு அடுத்து, தொப்பி அணிந்த இளைஞர் அமர்ந்தார். தொழுகையின் தழும்பு நெற்றியில் இல்லாததுபோலவே நோன்பின் தளர்ச்சியும் அவர் முகத்தில் இல்லை! அது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையிலான கணக்கு. அவரை அடுத்து, தேர்வுக்குப் படிக்க வந்த தென்மாவட்டத்துப் பிள்ளைகள் இருவர். ஒருவர் தண்ணீர்க் குவளையை மற்றவர்பால் நகர்த்தினார். இரண்டு சொல் பேசினர், உண்டனர், எழுந்தனர்.

இது எவருடைய பெருந்தன்மையாலும் விளைந்ததன்று. திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் அறைகளில் பெரும்பாலும் சமையலுக்கு இடமில்லை. மூன்று கட்டில் போட்ட அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை தருபவன், மூன்று வேளையும் தெருவில் இறங்கித்தான் உண்ண வேண்டும். அவனுடைய ஊதியம் சிறிதாதலால் விலையும் சிறிதாக இருக்க வேண்டும். விலை சிறிதாக இருக்க, ஓர் இருக்கையில் பலர் அடுத்தடுத்து உண்டாக வேண்டும். ஆகவே எவரும் தமக்கென மேசை கேட்க இயலாது. அடுக்களையற்ற அறையும் ஏழ்மையும் கடைக்காரரின் கணக்கும் கூடி அந்த விசிப்பலகையைச் செய்தன. பண்பாட்டுக் கலப்பு என்று நாம் பாராட்டுவது, அங்கே பசியும் வாடகையும் பெற்ற பிள்ளை.

அப்பலகையும் எளிதில் எல்லார்க்கும் கிடைத்துவிடவில்லை. இதே திருவல்லிக்கேணியில்தான் முரளி கபே இருந்தது. ‘பிராமணாள்’ என்ற சொல்லைத் தாங்கிய அதன் பெயர்ப் பலகையை நீக்கக் கோரி 1957இல் பெரியார் மறியல் போராட்டத்தைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் சென்றனர், மாதக்கணக்கில் நீடித்தது, நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர், இறுதியில் பலகையில் அச்சொல் மறைந்தது. உணவு விடுதியின் நெற்றியில் எழுதிய ஒற்றைச் சொல்லுக்காக இத்தனை பேர் சிறை செல்வானேன்? பெயர்ப் பலகை ‘இங்கே இன்னது கிடைக்கும்’ என்று சொல்வதோடு நிற்பதில்லை. ‘இன்னார் நம்மவர், இன்னார் பிறர்’ என்றும் சொல்ல வல்லது. திருவல்லிக்கேணியின் சுவைகளைப் பாடும் கட்டுரைகள் இந்த வரலாற்றைச் சொல்லாமல் கடப்பது, முள்ளை மறைத்துவிட்டு ரோஜாவை விற்பது போன்றதாகும்.

மாலையில் வாலாஜா பள்ளிக்குச் சென்றேன். ரமலான் முழுவதும் நாள்தோறும் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே நோன்பு திறக்கின்றனர். அவர்களுக்கு உணவு கொணர்ந்து பரிமாறுவோர், மயிலாப்பூரில் இயங்கும் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். நாட்டுப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்த பணி. பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. காலையிலேயே தங்கள் இடத்தில் சமையலைத் தொடங்கி, மாலையில் வண்டியில் ஏற்றி வருகின்றனர். எல்லாம் மரக்கறி உணவு. ஆதலால் உண்பவருக்கு ஹலால் பற்றிய ஐயம் இல்லை, சமைப்பவருக்குத் தம் நெறி தவறும் அச்சமும் இல்லை. இரு சாராரும் தத்தம் வரம்பை விடாமலே ஒரு பாயில் சந்திக்கும் வழியை அவர்கள் கண்டிருக்கிறார்கள். மதத்தின் பெயரால் வீடிழந்து ஓடிவந்தவர்கள், அம்மதத்தாரின் பசிக்கு முன் தட்டேந்தி நிற்கிறார்கள். தொப்பியணிந்த ஒரு சிந்தித் தொண்டர் என் முன் பழத்தை வைத்தபோது, பாங்கோசை வரும்வரை நான் தலை நிமிரவில்லை. கண் கலங்கியிருந்ததை அவர் காண்பானேன்?

இத்தனையும் சொன்ன பிறகு, குறைகளையும் சொல்வதே நடுநிலை. முதற்குறை, அந்த விசிப்பலகைகளில் பெண்களைக் காண்பது அரிது. அலுவலகத்துக்கும் கல்லூரிக்குமாக வந்து விடுதிகளில் தங்கும் பெண்மக்கள் அதே பேட்டையில் வாழ்கிறார்கள். அவர்களும் உண்ணத்தான் வேண்டும். நம்மவர் நடத்தும் கடைகளில் ‘ஃபேமிலி ரூம்’ என்றொரு தட்டி மறைப்பு உண்டு; கணவனோ தந்தையோ உடன் வந்தால் அது வசதி. தனியே வரும் பெண் எங்கே அமர்வாள் என்று நம் கடைக்காரர் பலர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மெஸ்ஸின் வாயிலில் நின்ற அதே அரைமணி நேரத்தில், உணவுப் பொட்டலங்களை முதுகுப் பையில் சுமந்து சென்ற இளைஞர்களை எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்தினேன். கைப்பேசியில் கட்டளையிட்டால் அறைக்கே வந்துவிடுகிறது. நோயுற்றவர்க்கும் களைத்தவர்க்கும் அது உதவி, மறுப்பதற்கில்லை. என் மகனும் அவ்வாறே உண்கிறான். ‘அத்தா, அரபு நாட்டு மந்தி முதல் நேபாளத்து மோமோ வரை எல்லாம் என் அறைக்கு வரும்’ என்றான் பெருமையுடன். பக்கத்து அறையில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். உலகின் சுவையெல்லாம் அவன் கட்டிலுக்கு வருகிறது. அடுத்த கட்டிலின் மனிதன் வரவில்லை. பெயர்ப் பலகைகள் நூறாகப் பெருகும் காலத்திலேயே விசிப்பலகை குறுகிப்போக முடியும் என்பதை அன்று கண்டேன்.

மகனைக் கடிந்துகொண்டேன். ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான், கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது.

நான் வாழ்வது திருப்பூரில். கடல் இல்லாத ஊர். ஆயினும் எங்கள் பனியன் கம்பெனிகளின் சரக்கு கடல் கடந்து செல்கிறது. காதர்பேட்டைச் சந்தையில் நைஜீரியா முதலான நாட்டு வணிகர்கள் வந்து மூட்டை கட்டியதை இவ்வூரார் அறிவர். ஒன்றரை ஷிப்ட் வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, முதலில் தென்மாவட்டத்தார் வந்தனர். பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அஸ்ஸாம் என்று தொலைவிலிருந்தெல்லாம் வந்தனர். லைன் வீடுகளை அடுத்து அவர்களுக்கென்று கடைகள் முளைத்தன. கடுகெண்ணெய் மணக்கும் மீன்குழம்பும் சோறும், லிட்டியும் சோக்காவும், பொரியும் பருப்பு வடையும் அங்கே கிடைக்கின்றன. பெயர்ப் பலகைகளை எண்ணும் கட்டுரையாளர் வந்தால் திருவல்லிக்கேணிக்கு நிகராக எங்களூரையும் புகழ்ந்துவிட்டுப் போவார். உள்ளே சென்று பார்த்தால் உண்மை புலப்படும்: வடவர் கடையில் வடவரே உண்கின்றனர், எங்கள் கடையில் நாங்களே உண்கின்றோம்.

எங்கள் பள்ளியின் ஜும்ஆவில் வடமாநிலத் தொழிலாளர் பலர் வருவர். ஸஃப்பில் தோளோடு தோள் உரசி நிற்போம். ஸலாம் கொடுத்ததும் அவர்கள் ஒரு தெருவில் செல்வர். நாங்கள் மறு தெருவில் செல்வோம். நான்காண்டுகளாக என் வலப்பக்கத்தில் நின்று தொழுத ஒருவரின் பெயர் எனக்குத் தெரியாது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அச்சம் கொண்ட பலர் திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டையுடன் நின்றனர். பீகார் அரசு அனுப்பிய குழு வந்து விசாரித்துச் சென்றது. பொய் பரப்பியோர்மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. அவ்வாரத்து ஜும்ஆவில் என் வலப்பக்கம் வேறொருவர் நின்றார். ‘அஞ்ச வேண்டாம், இது பொய், நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்ல எனக்கு ஆள் தெரியவில்லை. கேட்டு நம்புவதற்கு அவருக்கும் ஆள் தெரியவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு விசிப்பலகையில் அருகமர்ந்து தேநீர் அருந்தியிருந்தால் எங்களிடையே அந்த ஒரு வாக்கியம் பிறந்திருக்கும்.

நம் சமூகத்துக்குச் சஹன் மரபு உண்டு. காயலிலும் கீழக்கரையிலும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். அப்பெருமை நியாயமானதே, ஆயினும் சஹனைச் சுற்றி அமர்பவர் உறவினர், ஊரார், அழைப்புப் பெற்றவர். புதியவர்க்கு அதில் இடமுண்டா என்று கேட்டால் நம் குரல் சற்றே தாழும். புதுமை என்ற பொருளிலிருந்துதான் ‘விருந்து’ மனிதரைக் குறிக்க வந்தது. அறிந்தவர்க்கே இடும் சோற்றுக்கு அப்பெயர் முழுமையாகப் பொருந்துமா?

ஊர் திரும்பி, பெருநாள் கழிந்த மறுவாரம், என் தெருமுனையிலுள்ள வடவர் கடைக்குள் முதன்முறையாக நுழைந்தேன். பல்லாண்டாக அதைக் கடந்து நடந்திருக்கிறேன். ஒரே பலகை, அதில் நால்வர். என்னைக் கண்டதும் உண்பதை நிறுத்திவிட்டு எழப் பார்த்தனர். கடைக்காரர், ‘பைட்டியே, மவுலானா சாப்’ என்று துணியால் பலகையைத் துடைத்தார். பருப்பும் சோறும் பொரித்த உருளைக்கிழங்கும் கேட்டேன். என் அரைகுறை உருதுவுக்கு அவர்கள் மரியாதையாகச் சிரித்தனர். அவர்களில் ஒருவர் ரமலானில் எங்கள் பள்ளிக்கு வந்தவராம். நோன்புக் கஞ்சி எப்படி இருந்தது என்று வினவினேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: அவர்கள் ஊரில் பொரியும் கொண்டைக்கடலையும் வெங்காய வடையும் கொண்டு நோன்பு திறப்பார்களாம்; எங்கள் கஞ்சி நல்லதுதான், ஆனால் பழகவில்லை; பள்ளியில் ஒரு மிடறு குடித்துவிட்டு அறைக்குச் சென்று பொரி உண்பார்களாம். பள்ளியில் கஞ்சி மிஞ்சிய கோப்பைகளைக் கண்டு, ‘வீணாக்குகிறார்கள்’ என்று சில ஆண்டுகளாக முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

எனவே எங்கள் பள்ளி நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். வாசகர்கள் தத்தம் ஊரில் எண்ணிப் பார்க்கும்பொருட்டு அதையே இங்கும் எழுதி முடிக்கிறேன். வரும் ரமலானில் வாரத்தில் ஒரு நாள், கஞ்சி காய்ச்சும் அடுப்பை அவர்களிடம் ஒப்படைப்போம். அன்று அவர்கள் சமைக்கட்டும். நாம் தட்டேந்தி நிற்போம். வாலாஜா பள்ளியில் சிந்திகள் நமக்குச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய வேலையன்று. பொரிக்கும் கடலைக்கும் ஆகும் செலவை அவ்வாரத்துக்கு நான் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் ஒருவர், ‘நம்ம ஆளுங்க பொரி தின்பாங்களா, ஹஜ்ரத்?’ என்று கேட்டார். பழகவில்லை என்றால் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அவர்கள் அருகிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருப்போம் என்றேன்.